ஓட்டிச்செல்லும் புல்வெட்டியில் ஒலிவழிப் பழுதறிதல்

ஓட்டிச்செல்லும் புல்வெட்டியில் ஒலிவழிப் பழுதறிதல் என்பது, ஓட்டுநர் அமர்ந்து செலுத்தும் புல்வெட்டி வழமைக்கு மாறாக எழுப்பும் ஒலியைக் கொண்டு, அதன் எந்த உறுப்பு பழுதடைந்துள்ளது என்பதை அறியும் முறை ஆகும். இத்தகைய புல்வெட்டியில் பொறி, வார்ப்பட்டைகள், கத்திகள், செலுத்தம் ஆகியவை ஒரே நேரத்தில் இயங்குவதால் அவற்றின் ஒலிகள் ஒன்றுடனொன்று கலந்தே கேட்கும். அவற்றைப் பிரித்துக் கேட்பதே இம்முறையின் அடிப்படை ஆகும். சிறிதளவு எண்ணெய் ஊற்றுவதன் மூலம் தவிர்க்கக்கூடிய பழுது, கவனிக்காமல் விட்டால் பொறி முழுவதையும் அழித்துவிடும். தளர்ந்த கத்தியோ அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே எந்த ஒலியுடன் தொடர்ந்து ஓட்டலாம், எந்த ஒலி கேட்டவுடன் நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பின்னணி

முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்கான காப்புரிமத்தை இங்கிலாந்தின் குளொசுட்டர்சயர் மாவட்டத்தைச் சேர்ந்த எட்வின் பியர்ட் படிங் என்பவர் 1830 ஆம் ஆண்டில் பெற்றார். கம்பளித் துணியின் மேற்பரப்பை மழிக்கும் ஆலை இயந்திரத்தைத் தழுவி அவர் இதனை வடிவமைத்தார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோல் பொறி பூட்டிய புல்வெட்டிகள் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் புறநகர்க் குடியிருப்புகள் விரிவடைந்து, வீட்டைச் சுற்றிப் பரந்த புல்வெளி அமைக்கும் வழக்கம் பெருகியபோது, அமர்ந்து ஓட்டும் வகைகள் வீட்டுப் பயன்பாட்டுக்கு வந்தன. டிராக்டர் தயாரிப்பு நிறுவனமான ஜான் டீர் தனது முதல் புல்வெளி டிராக்டரான 110 ஆம் மாதிரியை 1963 இல் அறிமுகப்படுத்தியது.

அமைப்பின் அடிப்படையில் இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

- பொறி முன்புறம் அமைந்த புல்வெளி டிராக்டர்
- பொறி இருக்கைக்குப் பின்னால் அமைந்த சிறிய வகை
- இரு பின்சக்கரங்களையும் தனித்தனியே இயக்கி, நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய சுழித்திருப்ப வகை

இக்கட்டுரை பெட்ரோல் பொறி கொண்ட வகைகளையே முதன்மையாகக் கருத்திற் கொள்கின்றது. மின்கலத்தால் இயங்கும் வகைகள் பற்றித் தனியே கீழே குறிப்பிடப்பட்டுள்ளது.

ஒலி எழுப்பும் உறுப்புகள்

பொறி: பெரும்பாலானவற்றில் ஓர் உருளை அல்லது இரண்டு உருளைகள் கொண்ட நான்கடிப்புப் பொறி பயன்படுகின்றது. இதன் வணரித்தண்டு நிலைக்குத்தாக அமைந்திருக்கும். தண்டின் மேல்முனையில் கனமான சுழற்சக்கரமும் குளிர்விக்கும் விசிறியும், கீழ்முனையில் வார்ப்பட்டைக் கப்பிகளும் பொருத்தப்பட்டிருக்கும்.

வார்ப்பட்டைகளும் கப்பிகளும்: பொதுவாக இரண்டு வார்ப்பட்டைகள் இருக்கும். ஒன்று செலுத்தத்துக்கும் மற்றது கத்திகளுக்கும் ஆற்றலைக் கடத்துகின்றன. பட்டையை இறுக்கமாக வைத்திருப்பதற்கு இழுவைக் கப்பிகள் உள்ளன.

வெட்டுத்தளம்: கத்திகளை உள்ளடக்கிய உலோகக் கவிப்பு இது. ஒவ்வொரு கத்தியும் ஒரு சுழல்தண்டின் அடியிற் பூட்டப்பட்டுள்ளது. சுழல்தண்டு இரண்டு குண்டுத் தாங்கிகளில், அதாவது பேரிங்குகளில், சுழல்கின்றது.

கத்திக் கிளட்ச்: கத்திகளைப் பொறியுடன் இணைப்பதும் விலக்குவதும் இதன் பணி. சில வகைகளில் கைநெம்புகோல் பட்டையை இறுக்குகின்றது. வேறு பலவற்றில் 12 வோல்ட் மின்காந்தக் கிளட்ச் உள்ளது.

செலுத்தம்: பற்சக்கரப் பெட்டியாகவோ, எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் நீர்மச் செலுத்தமாகவோ இருக்கும்.

துவக்கும் அமைப்பு: மின்கலம், மின்காந்தத் தொடுப்பி, துவக்கு மோட்டார் ஆகியவை இதில் அடங்கும்.

ஒலியும் சுழற்சி வேகமும்

ஓர் ஒலி எத்தனை முறை திரும்பத் திரும்ப எழுகின்றது என்பது அதன் பிறப்பிடத்தைக் குறித்து ஒரு துப்புத் தருகின்றது. இவ்வகைப் பொறிகளின் உச்ச வேகம் பொதுவாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 3600 சுற்றுகளுக்குள் கட்டுப்படுத்தப்படுகின்றது. அவ்வேகத்தில் வணரித்தண்டு நொடிக்கு 60 முறை சுழல்கின்றது. நான்கடிப்புப் பொறியில் வால்வுகளைத் திறக்கும் நெம்புருள் தண்டு அதன் பாதி வேகத்தில், அதாவது நொடிக்கு 30 முறை சுழல்கின்றது. ஒவ்வொரு வால்வும் வணரித்தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறையே திறக்கின்றது.

பொறியை நிமிடத்துக்கு 1800 சுற்றுகள் என்ற தணிந்த வேகத்துக்குக் கொண்டுவந்தால், வால்வு சார்ந்த தட்டொலி நொடிக்கு 15 முறையாகக் குறைகின்றது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 வரையான தட்டல்களைத் தனித்தனியே உணரக்கூடியது. அதற்கு மேற்பட்டவை ஒன்றிணைந்து தொடர்ச்சியான முரலொலியாகக் கேட்கும். எனவே தணிந்த வேகத்தில் எண்ணக்கூடியதாக "டிக், டிக்" என்று கேட்பது வால்வுத் தொகுதியைச் சார்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். இணைப்புத் தண்டு அல்லது சுழற்சக்கரத்தில் எழும் ஒலி வணரித்தண்டின் வேகத்தை ஒட்டியதாக, இன்னும் நெருக்கமாகக் கேட்கும். இது ஒரு துப்பு மட்டுமே. முடிவுக்கு வருவதற்குக் கீழ்க்காணும் சோதனைகளும் தேவை.

வேகத்துடன் மாறாத ஒலியும் உண்டு. பொறியின் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாமல், வண்டி நகரும் வேகத்துடன் மட்டும் மாறும் ஒலி பெரும்பாலும் சக்கரம், அச்சு அல்லது செலுத்தத்தின் இறுதிப் பற்சக்கரங்களில் எழுவதாகும்.

முன்னெச்சரிக்கைகள்

- கையால் தொட்டுச் சோதிப்பதற்கு முன் பொறியை நிறுத்தி, சாவியை எடுத்து, தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கத்தியைக் கையாற் சுழற்றும்போது பட்டை வழியாகப் பொறி சுழன்று தானே துவங்கிவிடும் ஆபத்தை இது நீக்குகின்றது.
- ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திய புல்வெட்டியின் கீழ் உடலின் எப்பகுதியையும் நுழைக்கலாகாது. உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, தரையில் உள்ள சக்கரங்களுக்கு அடைகொடுக்க வேண்டும்.
- மூடிய கொட்டகைக்குள் பொறியை இயக்கிச் சோதித்தல் கூடாது. வெளிவரும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உயிரைப் பறிக்கக்கூடியது.
- கத்திகள் சுழலும்போது ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க வேண்டும். இருக்கையின் அடியிலுள்ள பாதுகாப்பு ஆளியைச் செயலிழக்கச் செய்துவிட்டு இறங்கிக் கேட்பது கடும் காயங்களுக்கு வழிவகுக்கும்.
- சோதனை நடக்கும் இடத்தில் சிறுவர்களும் வளர்ப்பு விலங்குகளும் இருத்தல் கூடாது.

பிரித்தறியும் முறை

ஒலியின் பெயரைக் கொண்டு காரணத்தை ஊகிப்பதை விட, ஒவ்வொரு தொகுதியாக இயக்கியும் நிறுத்தியும் பார்ப்பது நம்பகமானது. பின்வரும் வரிசை பொதுவாகப் பொருந்தும்.

1. பொறி இயங்காத நிலையில் தொடக்கச் சோதனை. எண்ணெய் மட்டம், தளர்ந்த திருகுகள், கப்பிகளிற் சுற்றிய கம்பி அல்லது கயிறு, வெட்டுத்தளத்தில் இறுகிய புல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்வதற்கு முன் நிரப்ப வேண்டும்.

2. பொறி மட்டும். நிறுத்தத் தடையை இட்டு, செலுத்தத்தை நடுநிலையில் வைத்து, கத்திகளை விலக்கிய நிலையில் பொறியைத் துவக்கித் தணிந்த வேகத்திலும் உயர்ந்த வேகத்திலும் கேட்க வேண்டும். ஒலி இப்போதே கேட்டால் பொறி, விசிறி உறை, ஒலியடக்கி, கத்திக் கிளட்ச், செலுத்தப் பட்டை ஆகியவற்றுள் ஒன்றே காரணமாகும். பல புல்வெளி டிராக்டர்களில் தடை மிதியை முழுமையாக அழுத்தும்போது செலுத்தப் பட்டை தளர்ந்து நின்றுவிடும். அவ்வகையில், மிதியை அழுத்தியவுடன் ஒலி மறைந்தால் பொறி குற்றமற்றது. செலுத்தப் பட்டை, அதன் கப்பிகள், செலுத்தத்தின் உள்வாங்கு தண்டு ஆகியவற்றை நோக்க வேண்டும்.

3. பொறியும் கத்திகளும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடி கத்திகளை இணைக்க வேண்டும். புதிதாக ஓர் ஒலி தோன்றினால் காரணம் வெட்டுத்தளத்தில் உள்ளது.

4. பொறியும் செலுத்தமும். கத்திகளை விலக்கி, சமதரையில் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னர் சிறு சரிவில் ஏற்றிப் பார்க்கலாம். சுமை கூடும்போது மிகும் ஒலி செலுத்தத்தைச் சுட்டுகின்றது.

5. கையாற் சுழற்றுதல். பொறியை நிறுத்தி முன்னெச்சரிக்கைகளைச் செய்த பின், பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கப்பியையும் சுழல்தண்டையும் தனித்தனியே சுழற்ற வேண்டும். நல்ல தாங்கி ஓசையின்றி வழுவழுப்பாகச் சுழலும். தேய்ந்த தாங்கி மணல் கலந்தது போலக் கரகரக்கும். கப்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியும்.

இரண்டாம் படியில் கவனிக்கத்தக்க ஒரு விதிவிலக்கு உண்டு. கத்திகள் விலகியிருக்கும்போது கேட்டு, இணைத்தவுடன் மறையும் கரகரப்பு மின்காந்தக் கிளட்சின் கப்பித் தாங்கியைச் சுட்டும். கிளட்ச் விலகிய நிலையில் கப்பி நிற்க, அதன் உள்ளே தண்டு சுழல்வதால் தாங்கி உழைக்கின்றது. இணைந்த நிலையில் இரண்டும் ஒன்றாகச் சுழல்வதால் அத்தாங்கிக்கு வேலையில்லை.

ஒலியின் இடத்தைக் குறுக்கிக் காண மருத்துவரின் இதயத்துடிப்பு மானி போன்ற இயந்திரக் கேட்பு மானி பயன்படுகின்றது. அது இல்லாதபோது நீண்ட மரக்கோலின் ஒரு முனையைப் பொறியின் உடலிலும் மறுமுனையைக் காதருகிலும் வைத்துக் கேட்கலாம். சுழலும் பட்டை, விசிறி, சூடான ஒலியடக்கி ஆகியவற்றின் அருகில் இதனைச் செய்யலாகாது.

ஒலிகளும் காரணங்களும்

கீச்சொலி

கத்திகளை இணைக்கும் நேரத்தில் சில நொடிகள் கேட்கும் உரத்த கீச்சொலி பட்டை வழுக்குவதால் எழுவது. பட்டை தேய்ந்து பளபளப்பாகியிருக்கலாம், இழுவில்லின் விசை குறைந்திருக்கலாம், அல்லது பட்டையில் எண்ணெய் பட்டிருக்கலாம். இணைத்த பின்னும் கீச்சொலி நீடித்தால் சுழல்தண்டோ கப்பியோ இறுகியிருக்கக்கூடும். அந்நிலையில் புதிய பட்டை மாட்டினாலும் அது விரைவிலேயே எரிந்துபோகும். சீரான இடைவெளியில் குருவி கத்துவது போன்ற மெல்லொலி பெரும்பாலும் இழுவைக் கப்பியின் தாங்கியில் மசகு வற்றியதைக் குறிக்கும்.

கரகரப்பும் உரசலும்

கத்திகள் சுழலும்போது மட்டும் எழும் கரகரப்புக்குச் சுழல்தண்டின் தாங்கிகளே முதற் காரணம். வெட்டுத்தளத்தை நீர்பாய்ச்சிக் கழுவும்போது தாங்கிக்குள் நீர் புகுவதும், ஈரப்புல் தங்கித் துருப்பிடிப்பதும் தேய்வை விரைவுபடுத்துகின்றன. பழுதான தாங்கி மிகுந்த சூட்டைப் பிறப்பிக்கும். அதனைச் சுற்றிக் காய்ந்த புல் சேர்ந்திருப்பின் தீப்பற்றும் வாய்ப்பும் உண்டு.

உலோகத்தோடு உலோகம் உரசும் கூர்மையான ஒலி, வளைந்த கத்தி கவிப்பில் இடிப்பதாலோ, அருகருகே உள்ள இரு கத்திகள் ஒன்றையொன்று தொடுவதாலோ எழலாம். இதனைக் கேட்டவுடன் நிறுத்த வேண்டும்.

வசந்தகாலத்தில் முதன்முறை துவக்கும்போது பொறியின் மேற்பகுதியில் சலசலப்புக் கேட்டால், விசிறி உறைக்குள் எலிகள் கூடு கட்டியிருக்கலாம். குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கும் இயந்திரங்களில் இது பரவலாகக் காணப்படுகின்றது. கூடு குளிர்விப்புத் தகடுகளை அடைத்து, காற்றால் குளிர்விக்கப்படும் பொறியை அளவுமீறிச் சூடாக்கும். இச்சூட்டினால் வால்வு வழிகாட்டிகள் இடம்பெயர்வதும் உண்டு.

அதிர்வுடன் கூடிய தடதடப்பு

கத்திகளை இணைத்தவுடன் இருக்கையும் சுக்கானும் அதிர்ந்தால் கத்தி சமநிலை இழந்துள்ளது எனலாம். ஒரு முனையை மட்டும் அதிகமாகத் தீட்டுவதும், கல்லிலோ மரவேரிலோ மோதி முனை உடைவதும் இதற்குக் காரணங்கள். விளைவின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நடுவிலிருந்து 25 செ.மீ. தொலைவில் 10 கிராம் மட்டுமே எடை மிகுந்து, கத்தி நிமிடத்துக்கு 3400 முறை சுழல்வதாகக் கொள்வோம். மையவிலக்கு விசை ஏறத்தாழ 317 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 32 கிலோகிராம் எடைக்கு நிகராகும். இவ்விசை திசை மாறி மாறி நொடிக்கு 57 முறை தாங்கிகளைத் தாக்குகின்றது. கத்தியைக் கழற்றி, அதன் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டினால் கனமான முனை கீழே சாயும். இரு முனைகளும் சமமாக நிற்கும்வரை கனமான பக்கத்தைத் தீட்ட வேண்டும். வளைந்த, விரிசல் கண்ட கத்திகளை நிமிர்த்தவோ பற்றவைக்கவோ கூடாது. மாற்றுவதே முறை.

கத்தி சமநிலையில் இருந்தும் அதிர்வு தொடர்ந்தால் வளைந்த சுழல்தண்டு, தளர்ந்த கத்தித் திருகு, விரிசல் கண்ட சுழல்தண்டு உறை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கத்திகள் இயங்காதபோதே அதிர்வு இருந்தால் பொறியைச் சட்டத்துடன் பிணைக்கும் திருகுகள் தளர்ந்திருக்கலாம்.

தட்டொலி

பொறியின் தலைப்பகுதியில் இருந்து வரும் இலேசான, கூர்மையான தட்டொலி வால்வு இடைவெளி கூடியதைக் காட்டும். இவ்விடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலான நுண்ணிய அளவு ஆகும். உரிய அளவு ஒவ்வொரு பொறியின் கையேட்டிலும் தரப்பட்டிருக்கும். குளிர்ந்த பொறியில் இடைவெளிமானித் தகட்டைக் கொண்டு இதனைச் சரிசெய்யலாம். தட்டொலியோடு பொறியின் வலுவும் குறைந்திருந்தால் தள்ளுதண்டு வளைந்திருக்கலாம். தீப்பொறிச் செருகி தளர்ந்திருந்தாலும், தலைப்பகுதியின் அடைப்புத் தகடு கிழிந்திருந்தாலும், அழுத்தக் காற்று கசிந்து இதையொத்த "டப், டப்" ஒலி எழும். கசியும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருப்பது இதற்கு அடையாளம்.

மொத்தொலி

பொறியின் அடிப்பகுதியில் இருந்து சுத்தியலால் அடிப்பது போல எழும் கனத்த ஒலி மிக ஆபத்தானது. இச்சிறு பொறிகள் பலவற்றில் இணைப்புத் தண்டு அலுமினியக் கலவையால் ஆனது. மாற்றக்கூடிய தாங்கி ஓடுகள் இன்றி, அது நேரடியாக வணரித்தண்டின் மேல் இயங்குகின்றது. எண்ணெய் குறையும்போது இடைப்படலம் அறுந்து, அலுமினியம் உருகி வணரியில் ஒட்டிக்கொள்ளும். தண்டு முறிந்தால் அதன் துண்டு பொறியின் உடலைத் துளைத்து வெளிவருவதும் உண்டு. பெரும்பாலான ஓருருளைப் பொறிகளின் எண்ணெய்க் கொள்ளளவு ஒன்றரை லிட்டர் அளவே ஆகையால், அரை லிட்டர் குறைவதும் பெரிய இழப்பாகும். எண்ணெயை மாற்றும்போது அதில் வெள்ளி நிறத் துகள்கள் மின்னினால் தேய்வு தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

எனினும் கனத்த ஒலி அனைத்தும் இணைப்புத் தண்டால் வருவதல்ல. சுழற்சக்கரத்தின் மரை தளர்ந்திருத்தல், கீழ்முனையில் கப்பி அல்லது கிளட்சின் திருகு தளர்ந்திருத்தல் ஆகியவையும் இதே ஒலியைத் தரும். பொறியைப் பிரிப்பதற்கு முன் இவற்றை இறுக்கிப் பார்ப்பது செலவைத் தவிர்க்கும்.

வெடிப்பொலி

பொறியை நிறுத்தும்போது ஒலியடக்கி வழியே எழும் வெடிப்பொலி, எரியாத எரிபொருள் சூடான ஒலியடக்கிக்குள் பற்றிக்கொள்வதால் ஏற்படுகின்றது. பல பொறிகளின் கார்புரேட்டரில் சாவியைத் திருப்பியவுடன் எரிபொருளை அடைக்கும் மின்காந்த வால்வு உள்ளது. அது பழுதானால் இவ்வொலி வழக்கமாகிவிடும். கார்புரேட்டர் வழியே பின்னோக்கி வெடித்தால் காரணம் வேறு. உள்வாங்கு வால்வு சரியாக மூடாமலிருக்கலாம், எரிபொருட் கலவை மெலிந்திருக்கலாம், அல்லது சுழற்சக்கரத்தின் சாவித்துண்டு அறுந்து தீப்பொறியின் நேரம் பிசகியிருக்கலாம்.

ஏறி இறங்கும் ஒலி

பொறியின் ஒலி ஒரே சீராக இல்லாமல் உயர்ந்தும் தாழ்ந்தும் கேட்பது, வேகக் கட்டுப்படுத்தி பொறியின் வேகத்தை நிலைநிறுத்த முயன்று தோற்பதைக் காட்டும். பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்து கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைப்பதே இதற்குப் பொதுவான காரணம். கார்புரேட்டருக்கும் பொறிக்கும் இடையில் காற்றுக் கசிவதும் இதே விளைவைத் தரும். கட்டுப்படுத்தியின் வில்லை மாற்றியமைத்து ஒலியை அடக்க முனைதல் தவறு. வேகம் வரம்பை மீறினால் பொறியும் கத்திகளும் சிதறக்கூடும்.

முனகல்

நீர்மச் செலுத்தம் மெல்லிய முனகலுடன் இயங்குவது இயல்பே. குளிர்காலக் காலையில் எண்ணெய் தடித்திருக்கும்போது அது சற்றுக் கூடுதலாகக் கேட்கும். சூடேறிய பின்னும் முனகல் மிகுந்து, சரிவில் ஏறும் வலுவும் குறைந்தால், எண்ணெய் குறைந்திருத்தல், எண்ணெயிற் காற்றுக் கலந்திருத்தல், உள்ளுறுப்புகள் தேய்ந்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகும். காற்றை வெளியேற்றுவதற்கு விடுவிப்பு நெம்புகோலையும் இயக்கு மிதியையும் குறிப்பிட்ட வரிசையில் பயன்படுத்தும் முறை கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

சொடுக்கொலி

சாவியைத் திருப்பும்போது விரைவாகத் தொடரும் "டிக்டிக்டிக்" ஒலி மின்கலம் வலுவிழந்ததைக் காட்டும். முழுமையாக மின்னேற்றிய 12 வோல்ட் ஈய-அமில மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். துவக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் மின்கலம் ஐயத்துக்குரியது. ஒரே ஒரு சொடுக்கொலியோடு நின்றால் இணைப்பு முனைகளில் துரு, புவித்தொடுப்புக் கம்பியில் தளர்வு, துவக்கு மோட்டாரில் பழுது ஆகியவற்றை நோக்க வேண்டும்.

துவக்கு மோட்டார் பொறியைப் பாதி சுழற்றி, "உம்" என்று முனகி நின்றுவிடுமானால், மின்கலத்தை மாற்றுவதற்கு முன் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். துவக்கும்போது அழுத்தத்தைத் தளர்த்தும் அமைப்பு, இடைவெளி கூடியதால் செயற்படாமற் போயிருக்கலாம். எண்ணெய் மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்து பெட்ரோல் மணம் வீசினால், கார்புரேட்டர் கசிந்து உருளைக்குள் எரிபொருள் நிரம்பியுள்ளது. திரவத்தை அழுத்த இயலாதாகையால் வலிந்து துவக்கினால் இணைப்புத் தண்டு வளையும்.

துவங்கிய பின்னும் கேட்கும் கூரிய உலோக இரைச்சல், துவக்கு மோட்டாரின் சிறு பற்சக்கரம் சுழற்சக்கரத்தின் பல்வளையத்தில் இருந்து விலகாமல் சிக்கியதைக் குறிக்கும்.

எடுத்துக்காட்டு

ஒரு புல்வெளி டிராக்டரில் புல்வெட்டும்போது கரகரப்புக் கேட்பதாகக் கொள்வோம். கத்திகளை விலக்கியவுடன் ஒலி மறைகின்றது. எனவே பொறியும் செலுத்தமும் காரணமல்ல. பொறியை நிறுத்தி, செருகிக் கம்பியைக் கழற்றி, பட்டையை நீக்கி இழுவைக் கப்பிகளைச் சுழற்றினால் அவை ஓசையின்றிச் சுழல்கின்றன. இடப்புறச் சுழல்தண்டு வழுவழுப்பாகவும் வலப்புறச் சுழல்தண்டு கரகரப்பாகவும் உள்ளன. வலப்புறக் கத்தியின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகின்றது. ஆகவே வலப்புறச் சுழல்தண்டின் தாங்கிகள் தேய்ந்துள்ளன. புதிய பட்டையோ புதிய கத்தியோ இவ்வொலியைப் போக்கியிருக்காது. அத்துடன், தாங்கி ஏன் தேய்ந்தது என்பதையும் அறிய அதே தண்டின் கத்தி சமநிலையில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இல்லையெனில் புதிய தாங்கியும் அதே வழியிற் கெடும்.

உடனே நிறுத்த வேண்டிய ஒலிகள்

பின்வரும் ஒலிகள் கேட்டால் வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் எனத் தொடர்வது கூடாது.

- பொறியின் அடியிலிருந்து வரும் கனத்த மொத்தொலி
- கத்தி கவிப்பில் உரசும் அல்லது மோதும் ஒலி
- எதன் மீதோ மோதியதைத் தொடர்ந்து திடீரெனத் தோன்றும் அதிர்வு
- எரியும் ரப்பர் மணத்துடன் கூடிய கீச்சொலி
- பொறியின் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும் ஒலி

அமெரிக்கத் தரநிலையான ஏஎன்எஸ்ஐ பி71.1 கத்தி முனையின் வேகத்தை நிமிடத்துக்கு 19,000 அடிக்கு, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 96 மீட்டருக்கு, மட்டுப்படுத்துகின்றது. இது மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் ஆகும். அவ்வேகத்தில் கழன்று பறக்கும் கத்தித் துண்டு கொல்லக்கூடியது. கத்திகளை விலக்கிய பின் அவை முழுமையாக நிற்க ஐந்து நொடிகளுக்கு மேல் எடுத்தால், கத்தித் தடையைச் சீர்செய்ய வேண்டும் எனப் பல கையேடுகள் கூறுகின்றன. விலக்கிய பின்னும் நீடிக்கும் சுழலொலியே இதற்கான எச்சரிக்கை ஆகும்.

செவிப் பாதுகாப்பு

ஓட்டுநரின் செவியருகே இவ்வியந்திரங்களின் ஒலிமட்டம் 90 டெசிபெல் அளவை எட்டக்கூடியது. ஐக்கிய அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத் தேசிய நிறுவனம் 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்தை வரம்பாகப் பரிந்துரைக்கின்றது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகக் குறையும். அதன்படி 88 டெசிபெல்லுக்கு 4 மணி நேரமும், 91 டெசிபெல்லுக்கு 2 மணி நேரமும் வரம்பாகும். எனவே காதடைப்பான் அணிதல் அவசியம். காதடைப்பான் உரத்த பொறியொலியைத் தணிப்பதால், அணிந்து பழகியவருக்கு ஒலியில் ஏற்படும் மாற்றம் எளிதில் புலப்படும். இருக்கை, சுக்கான், கால்மிதி வழியே உணரப்படும் அதிர்வும் ஒரு துப்பாக அமையும்.

மின்கலத்தால் இயங்கும் வகைகள்

மின்கலப் புல்வெட்டிகளில் பொறி, வால்வு, ஒலியடக்கி, கார்புரேட்டர் ஆகியவை இல்லை. ஆகவே மேற்கூறிய தட்டொலி, மொத்தொலி, வெடிப்பொலி ஆகியவற்றுக்கு அவற்றில் இடமில்லை. கத்தியின் சமநிலை, தாங்கித் தேய்வு, சக்கரங்களின் ஒலி ஆகியவை மட்டும் பொதுவானவை. பொறியின் இரைச்சல் இல்லாததால் தாங்கியின் தேய்வு தொடக்கத்திலேயே கேட்கும் என்பது குறிப்பிடத்தக்கது. மோட்டாரின் வேகத்துடன் ஏறி இறங்கும் மெல்லிய விசிலொலி, மின்னணுக் கட்டுப்படுத்தியின் இயல்பான ஒலியாகும்.

இவற்றையும் பார்க்க

- புல்வெட்டி
- உள் எரி பொறி
- நான்கடிப்புப் பொறி
- குண்டுத் தாங்கி
- வார்ப்பட்டை
- மையவிலக்கு விசை
- டெசிபெல்